கேள்வி – பதில்: கடித நாவலில் பேசும் ‘நான்’

கேள்வி: கடிதங்களாலேயே அமைந்த நாவலும் ‘நான்’ என்று தன்மையில் சொல்லப்படும் கதைதானே? அதை ஏன் தனி வகையாகக் கருத வேண்டும்?

பதில்: ‘நான்’ இரண்டிலும் உண்டு, ஆனால் கடிதத்தில் வரும் ‘நான்’ எப்போதும் ஒரு ‘நீ’யின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது. தாய்க்கு எழுதும் பெண் தோழிக்கு அப்படியே எழுதமாட்டாள். எதைச் சொல்வது, எதை விழுங்குவது, எந்தச் சொல்லால் பூசி மெழுகுவது என்பதெல்லாம் பெறுபவரைப் பொறுத்தே மாறுகின்றன.

இதை எவரையும்விடக் கூர்மையாகக் கையாண்டவர் பிரெஞ்சு எழுத்தாளர் லாக்லோ என்பேன். 1782இல் வெளிவந்த அவருடைய ‘ஆபத்தான உறவுகள்’ நாவலில் 175 கடிதங்கள் உள்ளன. அவற்றுள் 48ஆம் கடிதத்தை, பெண்களை மயக்கித் திரியும் பிரபுவான வால்மோன் ஒரு கணிகையின் படுக்கையில், அவள் உடலையே மேசையாகக் கொண்டு, தான் வீழ்த்த நினைக்கும் பக்திமிக்க மணமான பெண்ணுக்கு எழுதுகிறான். பிறகு அதை ஒட்டாமல் தன் கூட்டாளியான சீமாட்டிக்கு அனுப்பி, படித்துவிட்டுத் தபாலில் சேர்க்கச் சொல்கிறான். எழுதும் மேசையைப் புகழும் வரி ஒருத்திக்குக் காதலின் தவிப்பு, மற்றவளுக்கு ஆபாச வேடிக்கை. சொற்கள் மாறவில்லை, படிப்பவர் மட்டுமே மாறுகிறார். நாமோ அந்த இருவருடைய தோளுக்குப் பின்னாலும் நின்று படிக்கிறோம்.

காலமும் வேறு. பழையதை நினைவுகூர்ந்து சொல்பவருக்கு முடிவு தெரியும். கடிதம் எழுதுபவருக்கு நாளை நடக்கப்போவது தெரியாது. ஆங்கில நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் 1740இல் ‘பமீலா’ என்ற கடித நாவலை இந்தப் பதற்றத்தின் மேல்தான் கட்டினார். ஆண் அறைக்குள் நுழையும் நொடியிலும் எழுதிக்கொண்டே இருக்கும் நாயகியைப் படைத்து, மறு ஆண்டே இன்னோர் ஆங்கில எழுத்தாளரான ஃபீல்டிங் அதைக் கேலி செய்தார். (கேலி நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.)

கேள்வி: கடிதம் எழுதும் பாத்திரமே இறந்துவிட்டால் கதையை யார் முடிப்பது?

பதில்: ஜெர்மன் எழுத்தாளர் கதே 1774இல் எழுதிய ‘இளம் வெர்தரின் துயரங்கள்’ நாவலில், வெர்தர் நண்பன் வில்ஹெல்முக்கு எழுதும் கடிதங்களே பெரும்பகுதி, பதில் கடிதம் ஒன்றுகூட நமக்குக் காட்டப்படுவதில்லை. தற்கொலை நெருங்கும்போது ‘பதிப்பாசிரியர்’ ஒருவர் குறுக்கிட்டு, படர்க்கையில் கதையைத் தொடர்கிறார். அதுவரை ஆச்சரியக்குறிகளாலும் பாதியில் அறுபட்ட வாக்கியங்களாலும் கொதித்துக்கொண்டிருந்த நடை, விசாரணைக் குறிப்பைப் போல மெல்லக் குளிர்ந்துவிடுகிறது. அடக்கத்துக்குப் பாதிரியார் எவரும் உடன் செல்லவில்லை என்ற ஒற்றைத் தகவலோடு நாவல் நின்றுவிடுகிறது.