சட்டை நனைவது பலவீனமா?

கேள்வி: ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். மூன்று வாரங்களாகச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை. பற்றவைக்கும்போது தீ ஆடும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். முதல் வாரம் தலைசுற்றலும் படபடப்பும் இருந்தன. இப்போது அவை இல்லை. ஆனால் உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே சட்டை நனைந்துவிடுகிறது. உடம்பு பலவீனமாகிவிட்டதா? தண்ணீரைக் குறைக்கலாமா? உப்பு மாத்திரை தேவையா?

பதில்: பலவீனம் அல்ல. உங்கள் உடம்பு வெக்கைக்குப் பழகிவிட்டது என்பதற்கு அந்த நனைந்த சட்டைதான் சாட்சி.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஏழெட்டு டிகிரி வித்தியாசம், அதற்கு மேல் பட்டறைத் தீ. முதல் நாட்களில் தோலுக்கும் தசைக்கும் ஒருசேர இரத்தம் அனுப்ப இதயம் திணறியது, படபடப்பு அதனால்தான். நான்கைந்து நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, நாடித்துடிப்பு தணிகிறது. வியர்வை மாற்றம் மெதுவானது, முழுமை பெற ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். வியர்வைச் சுரப்பிகள் 20 முதல் 40 லட்சம் வரை. அந்த எண்ணிக்கை கூடுவதில்லை. ஒவ்வொன்றும் அதிகமாகச் சுரக்கிறது, உள்வெப்பம் சற்று ஏறியதுமே தொடங்கியும் விடுகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் உப்பு. முதல் வாரம் கறுப்புச் சட்டை அணிந்திருந்தால், காய்ந்த பிறகு முதுகிலும் அக்குளிலும் வெள்ளைக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். இப்போது பாருங்கள், அவை மங்கியிருக்கும். ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனின் தூண்டுதலால், வியர்வைக் குழாய் உப்பில் கூடுதல் பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு நீரைத் தாராளமாக விடுகிறது. எனவே மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு உப்பு மாத்திரை வேண்டாம். உப்பிட்ட மோரோ நீராகாரமோ போதும். சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும்.

தண்ணீரைக் குறைக்கவே குறைக்காதீர்கள். "பழகியவனுக்குத் தண்ணீர் வேண்டாம்" என்று பட்டறையில் மூத்தவர்கள் சொல்லக்கூடும், உண்மை நேர்மாறானது. பழகிய உடம்பு அதிக நீரை இழக்கிறது. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை.

வியர்த்தால் மட்டும் குளிராது, அது ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். சொட்டி விழுந்தால் ஒன்றுமில்லை. ஆகவே ஒவ்வொரு பற்றவைப்புக்கும் இடையே எழுந்து, மின்விசிறி ஓடும் இடத்தில் சில நிமிடங்கள் நில்லுங்கள். பனியன் பருத்தியாக, தளர்வாக இருக்கட்டும். கோடை மழைக்குப் பின் வரும் புழுக்கத்தில் ஆவியாவது மந்தமாகும். அன்று இடைவேளையைக் கூட்டச் சொல்லுங்கள்.

பேச்சு குழறினால், தடுமாறினால், மயங்கினால், வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே உடலெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, 108ஐ அழைக்க வேண்டும். வேலையில்லாத நேரத்திலும் இரவிலும் வியர்த்து எடையும் குறைந்தால், வெயிலைக் காரணம் சொல்லாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கோடை விழா, கோயில் திருவிழா என்று மலைக்குப் போய் ஓரிரு வாரம் தங்கினால் இந்தப் பழக்கத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும். ஒரு மாதமானால் பெரும்பாலும் போய்விடும். திரும்பியதும் முதல் நாளே முழுநேரம் தீ முன் உட்காராமல், பாதி நேரத்தில் தொடங்கி நான்கைந்து நாட்களில் ஏற்றிக்கொள்ளுங்கள்.