முட்டுக் குளிசையும் நடுங்கும் கையும்

கேள்வி: மருதமுனையில் கைத்தறி நெய்கிறேன். வயது 52. முட்டு வருத்தத்துக்கு (ஆஸ்துமா) இரண்டு கிழமையாகச் சல்புட்டமோல் 4 மில்லிகிராம் குளிசை, நாளுக்கு 3 தரம் போடுகிறேன். அறுந்த நூலை முடியப் போனால் இரண்டு கையும் நடுங்குது. ஆனால் மிதி மிதிக்கிற காலில் பெலன் குறையவில்லை. நரம்புத் தளர்ச்சியா டொக்டர்? பிளேன்டியால் (பால் விடாத தேத்தண்ணி) வந்ததா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் குளிசையில்தான்.

சூரை மீன் வெட்டியிருப்பீர்கள். பக்கவாட்டில் கறுத்த சதை ஒரு பட்டையாக ஓடும். மற்றது வெளிறிய சதை. கறுத்தது மெதுவாகச் சுருங்கும், நாள்முழுக்க நீந்தினாலும் களைக்காது. வெளிறியது துள்ளிப் பாய. மனிதருக்கு இந்த இரண்டு வகைச் சதை இழையும் ஒரே தசைக்குள் கலந்திருக்கும். கையை அசையாமல் பிடிக்கும்போது முதலில் வேலைக்கு வருவது மெதுவான இழை.

இழைக்குள் இருக்கும் பைகளிலிருந்து கல்சியம் வெளியே வந்தால் தசை சுருங்கும். அது திரும்ப உள்ளே போனால் தளரும். உள்ளே இழுக்கும் பம்புக்கு, மெதுவான இழையில் பொஸ்போலம்பன் என்றொரு புரதம் பிரேக். சல்புட்டமோல் அந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. கல்சியம் அவசரமாக உள்ளே போக, நரம்பின் அடுத்த தட்டல் வருமுன்னமே இழை தளர்ந்துவிடும். நெருக்கி அடிக்காத ஊடைபோல இடையிடையே இடைவெளி விழுகிறது. அதுதான் உங்கள் நடுக்கம். வெளிறிய, வேகமான இழையில் இந்தப் பிரேக் பெரிதாக இல்லை. அங்கே இதே மருந்து சுருக்கத்துக்குக் கொஞ்சம் வலுவும் சேர்க்கலாம். விளையாட்டு வீரர்களுக்குச் சல்புட்டமோல் குளிசை தடை என்பது தெரியுமா? கெண்டைக்காலிலும் மெதுவான இழை நிறையத்தான். ஆனால் கால் நூல் கோர்ப்பதில்லையே!

பிளேன்டிமேல் பெரிய குற்றமில்லை. தேயிலையில் இருக்கும் கஃபீனும் ஆய்வுகூடத்தில் கல்சியப் பையைத் திறக்கும், மெதுவான இழை அதற்குச் சீக்கிரம் மசியும். ஆனால் அந்தச் செறிவு இரத்தத்தில் ஏறினால் ஆள் பிழைக்கமாட்டார். தேத்தண்ணி நரம்பைத் தூண்டி நடுக்கத்தைக் கொஞ்சம் கூட்டலாம். ஒன்றிரண்டு கோப்பையைக் குறையுங்கள். முட்டுக்குத் தரும் தியோபிலின் குளிசையும் போடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அது கஃபீனின் உறவுக்காரன்.

உங்கள் 4 மில்லிகிராம் குளிசை ஒன்று, இன்ஹேலரில் 40 தரம் இழுப்பதற்குச் சமனான மருந்து. இன்ஹேலர் நேரே சுவாசப்பைக்குப் போவதால் 100 மைக்ரோகிராமே ஒரு இழுப்புக்குப் போதும், தசைக்குப் போய்ச் சேர்வதும் சொற்பம். நீங்களாகக் குளிசையை நிறுத்தவேண்டாம். கிளினிக்கில் இன்ஹேலருக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள்; முட்டு வராமல் தடுக்கும் ஸ்டீரொயிட் இன்ஹேலரையும் அங்கேயே பேசுங்கள். அது நெடுநாளைக்கு வேண்டியது, பயப்படாதீர்கள்.

கையை மடியில் சும்மா வைத்திருக்கும்போதும், அதுவும் ஒரு கை மட்டும் நடுங்கினால் கதை வேறு, நேரில் காட்டவேண்டும். பிரஷருக்குச் சலம் (சிறுநீர்) போகும் குளிசை எடுப்பவரென்றால் இரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். சல்புட்டமோலும் அதைக் குறைக்கும். நெஞ்சு படபடத்துத் தலை சுற்றினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.