சர்க்கரை போடாத ஜூஸில் இவ்வளவு சர்க்கரையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. ஆறு மாதம் முன்பு எடுத்த டெஸ்ட்டில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 6.1, ட்ரைகிளிசரைடு 190. பயந்துபோய் காபியை விட்டுவிட்டு, தினமும் வாக்கிங் முடிந்து வந்ததும் பெரிய டம்ளரில் சாத்துக்குடி ஜூஸ் குடிக்கிறார். நான்தான் பிழிந்து தருகிறேன், சர்க்கரை போடுவதே இல்லை. இப்போது 6.4, 245 என்று வந்திருக்கிறது. பழம் நல்லதுதானே? இன்சுலின் போடும் மாமியாருக்கும் இதையே தருகிறேன். தொடரலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: பழம் நல்லதுதான் சகோதரி. ஆனால் உங்கள் கணவர் பழம் சாப்பிடவில்லை. நாளைக்கு ஜூஸ் வடிகட்டும்போது வடிகட்டியைப் பாருங்கள். குப்பைக்குப் போகிற அந்தச் சக்கையில்தான் நார்ச்சத்தில் பெரும்பங்கு இருக்கிறது. டம்ளரில் இறங்குவது தண்ணீர், வைட்டமின் சி, கொஞ்சம் பொட்டாசியம், மூன்று நான்கு பழங்களின் மொத்தச் சர்க்கரை. 250 மில்லி என்றால் சுமார் 20 கிராம், அதாவது நான்கைந்து டீஸ்பூன். நீங்கள் போடாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது.

நான்கு சாத்துக்குடியை உரித்து, சுளை சுளையாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள். இரண்டாவதிலேயே போதும் என்பார். ஜூஸாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், வயிறும் நிறைந்த மாதிரி இருக்காது. இதை 1977-லேயே ஆப்பிளை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முழு ஆப்பிளைவிட ஜூஸைப் பதினோரு மடங்கு வேகமாகக் குடித்து முடித்தார்கள். உடம்பில் சுரக்கும் இன்சுலினும் அதிகமாக ஏறியது. பழச் சர்க்கரையில் ஒரு பகுதி ஃப்ரக்டோஸ். அது அளவுக்கு மிஞ்சி வந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடும். அந்தக் கொழுப்புதான் ட்ரைகிளிசரைடு.

2013-இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்விலும், திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவாகவும், ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் வீட்டில் பிழிந்த ஜூஸின் சர்க்கரையை, நாம் ஸ்பூனால் போடும் சர்க்கரையோடு சேர்த்துத்தான் கணக்கு வைக்கிறது. ஆரஞ்சு, மாதுளை ஜூஸ் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் 6.4-இல் நிற்கிற ஒருவருக்கு அதை நம்பித் தினமும் ஒரு டம்ளர் கொடுக்க எனக்கு மனம் வராது. 6.5 வந்தால் அது சர்க்கரை நோய்க் கணக்கு.

அதனால் ஜூஸை நிறுத்திவிடுங்கள். வாக்கிங் முடிந்து வந்தால் தண்ணீரோ உப்பு போட்ட நீர்மோரோ போதும். சர்க்கரை இல்லாத காபியும் குடிக்கலாம், அவர் பாவம் அதைத் தேவையில்லாமல் தியாகம் செய்திருக்கிறார். பதினொரு மணிக்கு ஒரு கொய்யாவோ சாத்துக்குடியோ கடித்துச் சாப்பிடட்டும். பாக்கெட் ஜூஸ் பக்கமும் போக வேண்டாம். அட்டைகளில் போடும் ‘100 சதவீதம் பழச்சாறு’ என்ற வாசகத்தை நீக்கச் சொல்லி, 2024-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது.

பழியை முழுக்க ஜூஸ் மேலேயே போடவும் முடியாது. ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றின் அளவு, மதுப் பழக்கம், தைராய்டு எல்லாமே ட்ரைகிளிசரைடை ஏற்றும். மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றில் மறுபடி டெஸ்ட் எடுங்கள். இறங்கவில்லை என்றால் இவற்றையெல்லாம் டாக்டரிடம் சொல்லிப் பேசுங்கள்.

அப்புறம் உங்கள் மாமியார். அவருக்கும் தினசரி ஜூஸ் வேண்டாம். ஆனால் இன்சுலின் போடுகிறவர் வீட்டில் ஜூஸ் ஒன்று கைவசம் இருப்பது நல்லது. வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அதே பெரிய டம்ளரில் முக்கால் டம்ளர் கொடுங்கள். அதில் சுமார் 15 கிராம் சர்க்கரை கிடைக்கும். அப்போது அந்த வேகம்தான் அவரைக் காப்பாற்றும். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முக்கால் டம்ளர். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.