லோப்பன் என்றால் நடையா, ஓட்டமா? டச்சு, ஃப்ளெமிஷ் கேள்வி பதில்

நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் ஆறு வருடம், அப்புறம் பெல்ஜியத்தின் கென்ட்டில் ஒன்பது வருடம் என்று இந்த மொழியோடு குடித்தனம் நடத்துகிறேன். எல்லைக்கு இரண்டு பக்கமும் வாய் தவறி அசடு வழிந்த அனுபவம் நிறைய உண்டு. அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்கள்.

அக்கா, ஆறு மாதமாக ஆப்பில் டச்சு படிக்கிறேன். இப்போது ஆண்ட்வெர்ப்பில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே பேசுவது ஃப்ளெமிஷ் என்கிறார்கள். படித்ததெல்லாம் வீணா?

ஒன்றும் வீணாகாது தம்பி. இரண்டும் ஒரே மொழி. பெயர் நேடர்லண்ட்ஸ். பெல்ஜிய அரசியலமைப்பே அந்தப் பெயரைத்தான் சொல்கிறது, ஃப்ளெமிஷ் என்று ஒரு ஆட்சிமொழி கிடையாது. 1980-இல் இரண்டு நாடுகளும் சேர்ந்து டால்யூனி என்ற மொழி அமைப்பை உருவாக்கின. எழுத்துக்கூட்டல் இரண்டு பக்கமும் ஒன்றே. ஆண்ட்வெர்ப் செய்தித்தாளையும் ஆம்ஸ்டர்டாம் செய்தித்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பல பத்திகளில் எது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாது. வாயைத் திறந்தால்தான் தெரியும்.

சரி, ஒரே மொழி. அப்போது எங்கேதான் மாட்டிக்கொள்வோம்?

வேறு சொல் வந்தால் பயமில்லை. புரியவில்லை என்று கேட்டுவிடலாம். ஒரே சொல் இரண்டு பொருளில் வரும்போதுதான் சிக்கல். புரிந்துவிட்டது என்று நாமே நினைத்துக்கொள்வோம், கேட்கவே மாட்டோம்.

கென்ட்டுக்கு வந்த புதிதில் ஒரு தோழி ஞாயிற்றுக்கிழமை 'மிடாஹ்' சாப்பிட வரச் சொன்னாள். உட்ரெக்ட்டில் மிடாஹ் என்றால் பிற்பகல். நான் சாவகாசமாக மூன்று மணிக்குப் பூங்கொத்தோடு போய் நின்றேன். மேசை துடைத்தாகிவிட்டது, குழந்தை தூங்குகிறது. ஃப்ளாண்டர்ஸில், அதாவது பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில், மிடாஹ் என்பது உச்சிப்பொழுது, பன்னிரண்டு மணியை ஒட்டிய சாப்பாட்டு நேரம். பிற்பகலுக்கு 'நாமிடாஹ்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆறிப்போன சூப்பைச் சூடுபண்ணிக் கொடுத்து, சிரிப்பையும் அடக்கிக்கொண்டாள், நல்லவள்.

தலைப்பில் போட்ட 'லோப்பன்' அடுத்தது. ஆம்ஸ்டர்டாமில் நடப்பது, ஃப்ளாண்டர்ஸில் ஓடுவது. 'ஸ்டேஷனுக்கு லோப்பன் பண்ணினால் பத்து நிமிடம்' என்று யாராவது சொன்னால், சொல்வது எந்த ஊர்க்காரர் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஃப்ளெமிஷ்காரருக்கு நடப்பது 'ஸ்டாப்பன்'. அதையே டச்சு இளைஞர்கள் சொன்னால் ராத்திரி பார் பாராகச் சுற்றப் போகிறார்கள் என்று அர்த்தம். 'டாஸ்' வடக்கே (நெதர்லாந்தில்) பை, தெற்கே (ஃப்ளாண்டர்ஸில்) காபிக் கோப்பை. 'ஸ்கோன்' வடக்கே சுத்தம், தெற்கே அழகு.

'பூப்பன்' என்ற சொல்லில் மட்டும் மிகவும் ஜாக்கிரதை. நெதர்லாந்தில் மூன்று வயதுக் குழந்தை கழிப்பறை போகக் கேட்கும்போது கூசாமல் சொல்லும். ஃப்ளாண்டர்ஸில் அது பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் காரியம். இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்.

என் டச்சு மேலாளர், ஃப்ளெமிஷ் என்றால் பாதி பிரெஞ்சு என்று கேலி செய்கிறார். உண்மையா?

பாதி உண்மை. ஃப்ளெமிஷ் வீட்டுக்குள் போனால் குளிர்சாதனப் பெட்டி 'ஃப்ரிகோ', ஜாம் 'கொன்ஃபிட்யூர்', தொந்தரவான ஆள் 'அம்பெடான்ட்', நலமா என்பதற்கு 'சா வா'. எல்லாம் பிரெஞ்சிலிருந்து வந்தவை. ஆனால் உங்கள் மேலாளர் காலையில் குடிக்கும் ஆரஞ்சுச் சாற்றை அவர் என்னவென்று சொல்கிறார், கேட்டுப் பாருங்கள். 'ஷூ தொரான்ஷ்' என்பார். அச்சு அசல் பிரெஞ்சு! ஃப்ளெமிஷ்காரர் அதைப் 'பழச்சாறு' என்று சொந்தச் சொல்லில் 'ஃப்ரௌட்சாப்' என்பார். பலகையில் குத்தும் சின்ன ஆணிக்கு டச்சுக்காரர் 'பியூனேஸ்' என்று பிரெஞ்சைப் பிடித்துக்கொள்ள, ஃப்ளெமிஷ்காரர் 'கட்டைவிரல் ஆணி' என்று பொருள்படும் 'டௌம்ஸ்பைக்கர்' என்கிறார்.

இதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. 1585-இல் ஆண்ட்வெர்ப் ஸ்பானியப் படையிடம் விழுந்தது. வணிகர்களும் கைவினைஞர்களும் பெரும் கூட்டமாக வடக்கே போனார்கள். பொதுமொழி என்ற ஒன்று ஹாலந்து நகரங்களில் வளர்ந்தது, தெற்கில் அவரவர் வட்டார மொழியே நின்றது. 1830-இல் பெல்ஜியம் பிறந்தபோது நீதிமன்றம், ராணுவம், பல்கலைக்கழகம் எல்லாம் பிரெஞ்சில் நடந்தன. சட்டங்களில் டச்சுக்குச் சம இடம் கிடைத்தது 1898-இல்தான். கென்ட் பல்கலைக்கழகம் டச்சுக்கு மாறியது 1930-இல். இத்தனை போராடியவர்களுக்குப் பிரெஞ்சுச் சொல் கண்ணில் குத்தாமல் இருக்குமா? அதனால் எழுத்தில் களையெடுத்தார்கள், பேச்சில் அது ஒட்டிக்கொண்டே இருந்தது. குடைக்கு 'மழைத்திரை' என்று பொருள்படும் 'ரேஹன்ஸ்கெர்ம்' ஃப்ளாண்டர்ஸில் அச்சில் வரும், மழை வந்தால் பலர் வாயில் 'பாராப்ளூ' வரும். மிதிவண்டி என்று எழுதிவிட்டு சைக்கிள் என்று கூப்பிடும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. டச்சுக்காரருக்குப் பிரெஞ்சு எஜமானின் மொழியாக இருந்ததில்லை, அதனால் ஷூ தொரான்ஷ் அவர் தொண்டையில் சிக்குவதில்லை.

வகுப்பில் சொல்லிக்கொடுப்பது ஒன்று, கென்ட் தெருவில் கேட்பது வேறொன்று. 'கே', 'கெய்' என்று ஏதோ சொல்கிறார்கள்.

'நீ'க்கு வகுப்பில் 'யே, யை' சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தெற்கே வீட்டிலும் தெருவிலும் 'கே, கெய்'தான். (அந்த 'க' தொண்டையில் மெதுவாக உரசும், தமிழ் எழுத்தில் அடங்காது.) டச்சுக்காரர் காதுக்கு இது பைபிள் வாசிப்பது போலக் கேட்கும், ஏனென்றால் அவர் ஊரில் அது பழைய வேதமொழியில் மட்டும் தங்கிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், 'கே'யின் செயப்படுபொருள் வடிவம் 'யூ'. டச்சு மரியாதைச் சொல்லும் அதே 'யூ'தான். ஃப்ளெமிஷ் காதலன் 'இக் ஸீ யூ ஹ்ராஹ்' என்று உருகினால், அவனுக்கு அது 'உன்னைக் காதலிக்கிறேன்'. டச்சுப் பெண் காதில் 'உங்களைப் பார்ப்பதில் மகிழ்ச்சி' என்று வங்கி மேலாளர் சொல்வது போல விழும்.

தெருவில் நீங்கள் கேட்பதற்கு 'டுஸன்டால்' என்று பெயர், 'இடைமொழி'. முழு வட்டார வழக்கும் இல்லை, செய்தி வாசிக்கும் மொழியும் இல்லை. 'டாட்', 'வாட்' என்பவை 'டா', 'வா' ஆகும். செல்லமாகச் சொல்லும் 'யே' விகுதி 'கே' ஆகும். பிரசெல்ஸின் 'மன்னகன் பிஸ்' சிலையின் பெயரிலேயே அந்த விகுதி இருக்கிறது. கெயர்ட் ஃபான் இஸ்டென்டால் என்ற எழுத்தாளர் இந்தப் பேச்சுக்கு 1989-இல் 'மனைப்பிரிவு ஃப்ளெமிஷ்' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார். பிளாட் போட்டு விற்ற புறநகரில், நடுத்தர வர்க்கம் பேசுவது என்று. அவருக்குக் கோபம். எனக்கோ அந்தப் பேச்சு வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை உட்காரச் சொன்னார்கள்.

மேற்கு ஃப்ளாண்டர்ஸ் மருமகன் வந்திருக்கிறார். ஒரு வார்த்தை புரியவில்லை.

கவலை வேண்டாம், ஆண்ட்வெர்ப்காரருக்கும் புரியாது. ஃப்ளெமிஷ் தொலைக்காட்சியிலேயே மேற்கு ஃப்ளெமிஷ் பேசினால் பெரும்பாலும் கீழே எழுத்து ஓடும். 'க' ஒலி 'ஹ' ஆகிவிடும், அதனால் அவர் 'நல்லது' என்றால் மற்றவர்களுக்குத் 'தொப்பி' என்று கேட்கும். எனக்குப் பிடித்தது அவர்களுடைய 'ஆமாம்'. நம் வினைச்சொல் போல அதற்கும் விகுதி உண்டு: நான் என்று பதில் சொன்னால் 'யோவாக்', நாங்கள் என்றால் 'யோவாம்'. 'சாப்பிட்டீர்களா?' என்று கேளுங்கள், 'யோவாக்' வரும்.

நெதர்லாந்து எல்லை தாண்டியதும் பேச்சு மாறிவிடுமா?

மாறாது. ஐன்ட்ஹோவனிலும் மாஸ்ட்ரிஹ்ட்டிலும் தெற்கத்தி மென்மையான 'க' தான். பிராபண்ட், லிம்பர்க் வழக்குகள் எல்லைக்கு இரண்டு பக்கமும் பேசப்படுகின்றன. வறுத்த உருளைக்கிழங்கை வடக்கே 'பட்டாட்' என்பார்கள், ஐன்ட்ஹோவனில் ஃப்ளெமிஷ்காரர் போல 'ஃப்ரீட்'. பேச்சை மாற்றுவது நாட்டெல்லை அல்ல, ரைன், மாஸ் ஆறுகள். 'ஆற்றுக்கு மேலே, ஆற்றுக்குக் கீழே' என்றே அவர்கள் சொல்வார்கள்.

இரண்டில் எதைப் படிக்க?

வாடகை எங்கே கட்டுகிறீர்களோ, அதை.

அக்கா, எங்கட அம்மம்மா மேசை லாச்சி, கந்தோர் எண்டுதான் சொல்லுவா. ஒல்லாந்தர் விட்டிட்டுப் போன சொல் எண்டு கேள்விப்பட்டன். அது டச்சோ, ஃப்ளெமிஷோ?

அருமையான கேள்வி. யாழ்ப்பாணத்தை 1658-இல் பிடித்து 1795 வரை வைத்திருந்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. கந்தோர் என்பது 'கன்டோர்', அலுவலகம். லாச்சி என்பது 'லாட்யே', சின்ன இழுப்பறை. தமிழ்நாட்டிலும் புழங்கும் கக்கூஸ், 'கக்ஹௌஸ்'. எல்லாம் டச்சு. அதிலும் அம்மம்மாவின் லாச்சி வடக்கத்திச் சொல். கென்ட்டில் இழுப்பறைக்கு 'ஸ்கௌஃப்' என்பார்கள், அலுவலகத்தைப் பேச்சில் பெரும்பாலும் 'பியூரோ' என்பார்கள், அதுவும் பிரெஞ்சு.

ஆனால் கென்ட் சந்தையில் 'பொம்பல்மூஸ்' என்று பலகை பார்த்து ஒருநாள் ஓடிப்போனேன், நம் பம்பளிமாஸ் என்று. கிரேப்ஃப்ரூட்டை வைத்திருந்தார்கள்.