தோல் ஸ்னூக்கர் கியூ பெட்டியை மழையிலிருந்து எப்படிக் காப்பது?

பாளையங்கோட்டையில் பைக்கில் கிளப்புக்குப் போய் வருகிறீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் கியூ (ஸ்னூக்கர் ஆடும் கோல்) வைக்கும் தோல் பெட்டி நனைகிறது என்கிறீர்கள்.

முதலில் தையலைப் பாருங்கள். தோலின் மேல்பக்கம் தூறலை ஓரளவு தாங்கும். ஊசித்துளையும் ஜிப்பும்தான் தண்ணீரை உள்ளே விடும். தேன்மெழுகு கலந்த லெதர் கிரீமைப் பருத்தித் துணியில் கொஞ்சமாகத் தொட்டு, தையல் நெடுக விரலால் அழுத்தித் தேயுங்கள். ராத்திரி அப்படியே விட்டு, காலையில் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் கறுத்துப் பிசுபிசுக்கும். மேல்பக்கம் மென்ரோமம் போலிருக்கும் ஸ்வேட் தோல் என்றால் மெழுகும் கூடாது, அதற்கான ஸ்பிரே தனி.

கிரீம் பூசினாலும் கொட்டுகிற மழைக்கு அது போதாது. பைக் சீட் கவர் தைப்பவரிடம் அளவு கொடுத்து ரெக்சினில் உறை தைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பக்கம் நன்றாக மடிந்து மூடட்டும்.

நனைந்துவிட்டதா? கியூவை உடனே வெளியே எடுங்கள். கியூ செய்யும் ஆஷ், மேப்பிள் மரம் ஈரம் குடித்தால் வளையும். பெட்டியைவிட அதுதான் பெரிய நஷ்டம். பெட்டியைத் திறந்துவைத்து, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் தோலைச் சுருக்கி வெடிக்க வைக்கும். உள்துணி தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் ஈரம் நிற்கும். அதனால் அவசரப்பட்டு மூடாதீர்கள்.

தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் மாதங்களில் பெட்டி நனையாமலே பூஞ்சை பிடிக்கும். பீரோவுக்குள் பூட்டாமல் காற்றோட்டமாக வைத்து, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.