கால்நடை நர்சிங் மாணவர்கள் மருத்துவச் சொற்களை எப்படிப் படிப்பது?

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வெட்னரி நர்சிங் சேர்ந்திருக்கிறீர்கள், டெர்மினாலஜி மட்டும் மண்டையில் ஏறவில்லை என்கிறீர்கள். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாளராக இருக்கிறேன். என்னைக் கேட்டால், பட்டியலை வைத்துக்கொண்டு உருப்போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். சொல்லை உடையுங்கள், உடைத்த துண்டை ஒரு மாட்டோடு சேர்த்து ஞாபகம் வையுங்கள்.

எங்கள் மலையில் வரும் புகார்களில் ஒன்று, "மாடு ரத்தமா மூத்திரம் போகுதுங்க." டாக்டர் கேஸ் ஷீட்டில் ஹீமட்டூரியா என்று எழுதலாம், ஹீமோகுளோபினூரியா என்றும் எழுதலாம். கடைசியில் வரும் 'யூரியா' சிறுநீரைக் குறிப்பது (உரக்கடை யூரியா வேறு சங்கதி). முன்பாதியில்தான் நோயே இருக்கிறது. முதலாவதில் ரத்த அணுக்கள் உடையாமல் அப்படியே சிறுநீரில் வருகின்றன. இரண்டாவதில் அணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்துபோய், ஹீமோகுளோபின் நிறமி மட்டும் வருகிறது. மாதிரியைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்திருந்தால் ஹீமட்டூரியா. தெளியாமல் முழுக்கக் காபி நிறமாகவே நின்றால் மற்றது.

நீலகிரியில் முதலாவதைப் பார்த்தால் பிராக்கன் பெரணி மேல்தான் சந்தேகம் போகும். மேய்ச்சல் நிலத்தில் மண்டிக் கிடக்கும் அந்தச் செடியை மாடு வருஷக்கணக்கில் தின்றால் சிறுநீர்ப்பையில் கட்டி வரும். இரண்டாவது என்றால் உண்ணி பரப்பும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணி இருக்கிறதா என்று ரத்த ஸ்மியர் (கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தை மெல்லியதாகத் தடவியது) எடுப்போம். கன்று போட்ட மாடென்றால் பாஸ்பரஸ் குறைவையும் நினைக்க வேண்டும்.

'ஈமியா' என்று முடிந்தால் ரத்தம். ஹைப்போகால்சீமியா, ரத்தத்தில் கால்சியம் குறைவு. ஊரில் இதைப் பால் காய்ச்சல் என்பார்கள், ஆனால் காது தொட்டால் சில்லென்று இருக்கும், காய்ச்சலே இருக்காது. ஹைப்போ (குறைவு), ஹைப்பர் (அதிகம்) இரண்டையும் போனில் கேட்டால் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அக்காவின் பழைய நர்சிங் புத்தகம் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உறுப்புப் பெயர்களுக்குச் சரி. திசைச் சொற்களுக்கு வேண்டவே வேண்டாம். அதில் வரும் சுப்பீரியர் (மேல்), இன்ஃபீரியர் (கீழ்) எல்லாம் நிமிர்ந்து நிற்கிற உடம்புக்கு எழுதியவை. நாலு காலில் நிற்பவற்றுக்குத் தலைப்பக்கம் கிரேனியல், வால்பக்கம் காடல், முதுகுப்பக்கம் டார்சல், வயிற்றுப்பக்கம் வென்ட்ரல். ஊட்டி ஏரிக்கரைக்குப் போனால் சவாரிக் குதிரை ஒன்றை நின்று பாருங்கள். குதிரைக்காரர் முன்னங்கால் முட்டி என்று காட்டுவது கார்ப்பஸ், அதாவது நம் மணிக்கட்டு. நம் முழங்காலுக்குச் சமமான ஸ்டைஃபிள், பின்னங்காலில் வயிற்றை ஒட்டி மேலே ஒளிந்திருக்கும். பின்பக்கம் துருத்திக்கொண்டு தெரியும் ஹாக்தான் கணுக்கால். படத்தில் பத்து முறை பார்த்தாலும் பிடிபடாதது அங்கே ஒரே பார்வையில் பிடிபடும்.

அப்புறம் அறுவைச் சொற்கள். 'டமி' வெட்டித் திறப்பது, 'எக்டமி' வெட்டி எடுத்துவிடுவது. அறுவைக் கருவிகளை ட்ரேயில் அடுக்குவது நீங்கள்தான் என்பதால் இதில் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குறிப்பைத் தமிழில் எழுதுவது தப்பில்லை, நானும் அப்படித்தான். 'இலியம்' போன்றவற்றை மட்டும் ஆங்கில எழுத்திலும் எழுதிவையுங்கள். நடுவில் 'ஈ' வந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, 'ஐ' வந்தால் இடுப்பெலும்பு. தமிழில் இரண்டும் ஒன்றுதான்.