புது ரவுட்டர் வாங்க முதல்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாடுதான்: ரிவியில் படம் ஓடுகிறது, நிற்கிறது, வட்டம் சுற்றுகிறது. பிரிட்ஜ், தையல் மெசின், நெல் அவிக்கிற பானை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிம் போடுகிற ரவுட்டர் வைத்திருக்கிறேன். விடியப்புறம் நல்லாய் ஓடும். இரவு ஏழு மணிக்குப் பிறகு படம் நின்று நின்றுதான் வரும். இந்த வருடம் இரண்டு ரவுட்டர் மாற்றிவிட்டேன். மூன்றாவதாக எது வாங்கலாம்? – கிளிநொச்சி

எதையும் வாங்க வேண்டாம். விடிய ஓடுகிற ரவுட்டர் இரவில் மட்டும் படுத்தால் பழுது ரவுட்டரில் இல்லை. டவர் ஒன்று, அதை நம்பியிருப்பது ஊர் முழுக்க. எல்லாரும் வேலை முடிந்து வந்து போனைக் கையில் எடுக்கிற நேரம் அது.

போனை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து இரவு எட்டு மணிக்கு இன்டர்நெட் வேகத்தை (ஸ்பீட் டெஸ்ட்) அளந்து பாருங்கள். அடுத்தநாள் விடிய ஐந்து மணிக்கு அதே இடத்தில் திரும்ப அளந்து பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் சொல்கிற கணக்குப்படி 720பி தரப் படத்துக்கு 3 எம்பிபிஎஸ் (அதுதான் இன்டர்நெட் வேகத்தின் அளவு), அதைவிடத் தெளிவான 1080பி-க்கு 5, எல்லாவற்றிலும் தெளிவான 4கே-க்கு 15 வேண்டும். இரவில் 2 தான் வருகிறதென்றால் எவ்வளவு விலை கொடுத்த ரவுட்டரும் அதை மூன்றாக்காது. படத்தின் தரத்தைக் குறைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வேறு கம்பனி சிம் இருந்தால் அதே நேரத்தில் அதையும் அளந்து பாருங்கள், அது நல்லாய் வந்தால் மாற வேண்டியது சிம். அளந்த எல்லாவற்றையும் நேரத்தோடு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். கம்பனி காதில் போடாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்ல அது உதவும்.

இரண்டாவதை வாங்க முதல் எழுதியிருக்கலாமே ஐயா.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ரவுட்டர் தானாக நின்று திரும்பப் பத்துகிறது. போனில் மெசேஜ் பார்க்கும்போது அப்படி இல்லை. கடைக்காரத் தம்பி "உள்ளே சர்க்கிட் போர்ட் போய்விட்டது, புதுசு எடுங்கோ" என்கிறார். – விசுவமடு

அந்தத் தம்பி அடப்டரைக் கையிலெடுத்துப் பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார். சும்மா இருக்கும்போது ரவுட்டர் குறைவாகத்தான் மின்சாரம் இழுக்கும். படம் ஓடும்போது கூட இழுக்கும். கிழடு தட்டின அடப்டர் அந்த நேரத்தில் 12 வோல்ட் கொடுக்க முடியாமல் இறங்கிவிடும், ரவுட்டர் நின்று திரும்பப் பத்தும். பார்க்கிறவருக்கு ரவுட்டர் செத்த மாதிரித்தான் இருக்கும்.

ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பாருங்கள். 12V 1A என்றோ 12V 2A என்றோ இருக்கும். வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும். அம்பியர் அதேயளவு அல்லது கூட இருக்கலாம், குறையக்கூடாது. பிளக்கின் நடு ஓட்டையும் ரவுட்டர் ஊசியும் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். கையால் இலேசாக ஆட்டும்போது விளக்கு மினுங்கினால் பிழை அங்கேதான். தெரிந்தவரிடம் பொருத்தமான அடப்டர் இரவல் வாங்கி ஒரு படம் முழுக்கப் போட்டுப் பாருங்கள். ஓடினால் செலவு ஓர் அடப்டரோடு முடியும். பிரிட்ஜும் ரைஸ் குக்கரும் குத்தியிருக்கிற அதே எக்ஸ்டென்ஷனில் ரவுட்டரையும் குத்தியிருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள்.

ரவுட்டரைத் தூசி படாமல் இரும்பு அலுமாரிக்குள் வைத்திருக்கிறோம். சாமியறை ரிவிக்கு வைஃபை வரவில்லை. – மல்லாவி

வெளியே எடுத்து வையுங்கள்.

வீட்டில் முன்னுக்கு ரவுட்டர், பின் அறையில் ரிவி. நடுவில் மூன்று சீமெந்துக் கல் சுவர். கடையில் சொன்னபடி பூஸ்டர் ஒன்று வாங்கினேன். காணவில்லையென்று இன்னொன்று. இப்போது மூன்றாவது. ரிவியில் வைஃபை முழுக் கோடு காட்டுகிறது, படம் மட்டும் ஓடாது. – புதுக்குடியிருப்பு

பூஸ்டர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இரத்தம் கொதிக்கும். அது எதையும் கூட்டுவதில்லை. வந்ததைக் கேட்டுத் திரும்பச் சொல்கிற பெட்டி அது. கேட்கிறதும் சொல்கிறதும் ஒரே அலைவரிசையில் என்றால், ஒன்றைச் செய்யும்போது மற்றதைச் செய்ய முடியாது. ஆகவே வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அதிலிருந்து இன்னொன்று திரும்பச் சொன்னால் அந்தப் பாதியிலும் பாதி. நீங்கள் மூன்று போட்டிருக்கிறீர்கள். ரிவி காட்டுகிற முழுக் கோடு, பக்கத்தில் இருக்கிற பூஸ்டருக்கும் ரிவிக்கும் இடையில் உள்ள உறவு. அதற்கும் இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமில்லை. வைஃபை வராத அறையில் பூஸ்டரைக் குத்துவது வற்றின கிணற்றுக்கு இரண்டாவது பம்ப் இறக்குகிற வேலை. குத்துவதென்றால், நல்லாய் வருகிற இடத்துக்கும் வராத இடத்துக்கும் நடுவில் குத்த வேண்டும். அட்டைப் பெட்டியில் இதை ஒரு மூலையில் எழுதியிருக்கிறார்கள். விற்கிறவரும் வாசிப்பதில்லை, வாங்குகிறவரும் வாசிப்பதில்லை.

எனக்கு ஆத்திரம் வருகிற இடம் வேறு. மூன்று தரம் கடைக்குப் போயிருக்கிறீர்கள். ஒரு தரமாவது அங்கே "ரிவி எந்த அறையில், இடையில் எத்தனை சுவர்" என்று கேட்டார்களா? மருந்துக் கடையில்கூட என்ன வருத்தம் என்று கேட்டுத்தான் குளிசை எடுக்கிறார்கள். ஆண்டெனா எத்தனை என்று எண்ணி விலை சொல்கிற வியாபாரம் இது. என் வீட்டுப் பரணில் எட்டு ஆண்டெனா ரவுட்டர் ஒன்று கிடக்கிறது. பிள்ளைகள் அதைச் சிலந்தி என்பார்கள். இரண்டு ஆண்டெனா பழசு செய்த வேலைக்கு மேல் அது ஒன்றும் செய்யவில்லை.

சரி, வழி என்ன? வயர் இழுங்கள். கேட்5இ என்கிற நெட்வேர்க் வயர் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும், உங்கள் வீட்டுக்கு அதில் கால்வாசியும் வேண்டியிராது. செப்பு வயரா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்கு மேல் செப்பு பூசிய மலிவு வயரும் அதே நிறத்தில்தான் சுருள் சுருளாகத் தொங்கும். நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பல ரிவிகளில் இந்த வயரைக் குத்துகிற லான் துளை 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் எடுக்காது. அதனால் குறையில்லை, 4கே படத்துக்கு அதில் கொஞ்சம்தான் தேவை. கூரைக்குக் கீழே விளிம்போடு வயரைக் கொண்டுபோனால் கண்ணிலும் படாது. பூஸ்டர் மூன்றில் ஒன்றையாவது கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். வயரை அவரிடம் வாங்க வேண்டாம்.

கனடாவிலிருந்து தம்பி மெஷ் வைஃபை செட் (பல பெட்டி சேர்ந்து வீடு முழுக்க வைஃபை பரப்புகிறது) ஒன்று கொண்டுவருகிறான். இங்கே வேலை செய்யுமா? – மாங்குளம்

அடப்டரில் 100–240V என்று இருந்தால் பிளக் மாற்றிப் போட்டுப் பாவிக்கலாம். 120V என்று மட்டும் இருந்தால் நம்முடைய 230 வோல்ட்டில் குத்திய உடனே புகைதான். ஒன்றைக் கவனியுங்கள்: மெஷ் பெட்டி தானாக இன்டர்நெட் தராது. அதில் சிம் போடுகிற இடமும் பெரும்பாலும் இராது. இருக்கிற ரவுட்டருக்குப் பின்னால் பூட்ட வேண்டிய சாமான் அது.

கணவர் இல்லை. பிள்ளைகளுக்காகச் சீட்டுக் காசில், வான் வாகனத்தில் கொண்டுவந்து விற்றவர்களிடம் "4கே ஸ்மார்ட் ரிவி" வாங்கினேன். யூடியூப் கொஞ்சம் ஓடும், மற்றதெல்லாம் திறக்கவே திறக்காது. படமும் மங்கல். ரவுட்டர்தான் பிழை என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் இப்போது போனே எடுக்கிறார்கள் இல்லை. – ஒட்டுசுட்டான்

தங்கச்சி, பிழை உங்களிலும் இல்லை, ரவுட்டரிலும் இல்லை. உங்கள் பிள்ளையின் போனில் அதே இடத்தில் அதே படம் தடையில்லாமல் ஓடுகிறதா? ஓடினால் ரிவிதான் குற்றவாளி. பெயர் தெரியாத கம்பனிகளின் பெட்டிகளுக்கும் ரிவிகளுக்கும் நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றின் அங்கீகாரம் கிடைத்திருக்காது. திறந்தாலும் குறைந்த தரத்தில்தான் காட்டும். 4கே என்ற ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம்.

எழுதித் தந்த துண்டு எதுவாக இருந்தாலும் எறிய வேண்டாம். பற்றுச்சீட்டு தரவில்லையா? கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் அது இருக்கிறது. வானின் இலக்கம், போன் இலக்கம், ரிவியின் பின்பக்கச் சீட்டு, வாங்கிய திகதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்த அதிகார சபையின் 1977-க்கு அழையுங்கள், எழுத்திலும் கொடுங்கள். நாட்களைக் கடத்த வேண்டாம், முறையிடக் கால எல்லை உண்டு. உங்கள் தெருவில் இன்னும் யாராவது அவர்களிடம் வாங்கியிருந்தால் சேர்ந்து போங்கள். அது வரைக்கும் அந்த ரிவியை வெறும் திரையாகப் பாவிக்கலாம்: நல்ல கம்பனியின் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் (இன்டர்நெட் படங்களை ரிவியில் ஓட்டுகிற சின்னக் கருவி) ஒன்றை எச்டிஎம்ஐ துளையில் குத்தினால் வேலை முழுக்க ஸ்டிக் பார்க்கும். கடன்பட்டு இப்போதே வாங்க வேண்டாம்.

போன கிழமை இடிமின்னலில் ரவுட்டரும் ரிவியின் லான் துளையும் போய்விட்டன. வொரண்டி இல்லை என்கிறார்கள். – நெடுங்கேணி

மின்னலுக்குப் பெரும்பாலான வொரண்டி கிடைக்காது, அட்டையின் பின்பக்கம் வாசியுங்கள். ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரையிலும் பின்னேரம் வானம் கறுத்தாலே கரண்ட் பிளக்கையும் டெலிபோன் வயரையும் இரண்டையும் கழற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றி மற்றதை விட்டால் பிரயோசனம் இல்லை. இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஓடிப்போய்க் கையை வைக்க வேண்டாம், ரவுட்டர் போனால் போகட்டும். ரிவியில் வைஃபை இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் ரிவி தப்பியது.

மாத டேட்டா பத்து நாளில் முடிகிறது. யாரோ களவெடுக்கிறார்களா? – வவுனியா

உங்கள் வீட்டு ரிவிதான். எச்டி படம் ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை குடிக்கும். ஆள் நித்திரையானாலும் அடுத்த படம் தானாக ஓடும், அதை செட்டிங்கில் நிறுத்துங்கள். கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வீட்டு போன் இலக்கத்தையேதானே வைத்திருக்கிறீர்கள்?

எந்த ரவுட்டர் நல்லது? – பரந்தன்

சிம்மா, ஃபைபரா? ரிவி எந்த அறையில்? கரண்ட் அடிக்கடி போகுமா? இவற்றை எழுதி அனுப்புங்கள், பிறகு பார்ப்போம்.